சமச்சீர் மாஃபி

போன மாதம் என் மருமகள் ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொன்னாள். சுத்தமான வார்த்தை. பாடப் புத்தகத்தில் அச்சடித்த வார்த்தை. அதற்கே முவைலாவில் பாதி வீடுகளில் அன்றைக்கு ஓட்டல் சாப்பாடு.

கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. கெட்ட வார்த்தை இங்குள்ள பிள்ளைகளுக்குப் புரியாது. பெரியவர்கள் புரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். இது நல்ல வார்த்தை. அதுதான் வம்பு.

முதலில் இருந்து சொல்கிறேன்.

ஷார்ஜாவில், முவைலாவில் என் மகன் வீடு. அவன் டியூட்டிக்குப் போய்விட்டால் வீட்டில் நான், மருமகள் செல்வி, ஏசி — மூன்றே பேர். இதில் அதிகம் சத்தம் போடுவது ஏசிதான் என்று நான் சொல்வேன். செல்வி ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் குணம் அது. என்ன கிண்டல் செய்தாலும் பதில் வராது. பதில் தெரியும்... சொல்ல மாட்டாள்.

ஊரில் அவள் கணக்கு டீச்சர். சங்கரன்கோவில் பக்கத்தில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம். கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருஷம். இங்குள்ள பள்ளிக்கூடங்களுக்கு இன்டர்வியூ போவாள். கணக்கு கேட்டால் டக்கென்று போட்டுவிடுவாள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று இங்கிலீஷில் கேட்டால் நின்றுவிடுவாள். அவளைப் பற்றி அவளிடம் கேட்டால் என்ன தெரியும்? என்னைக் கேட்டிருந்தால் காலையில் ஆரம்பித்து சாயங்காலம்வரை சொல்லியிருப்பேன்.

'வீ வில் கால் யூ' என்பார்கள். ஆறு வருஷமாக அந்த போன் அடிக்கவில்லை.

அப்போதுதான் சங்கத் தலைவர் வந்தார்.

இங்கே எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பெயர் வேண்டாம். எல்லாச் சங்கத்தாரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். சங்கம் என்றால் விழா. விழா என்றால் போஸ்டர். போஸ்டர் என்றால்... தலைகள்.

மேலே நடுவில் பானை அளவுக்குத் தலைவர் தலை. கீழே சட்டி அளவில் துணைத் தலைவர்கள். அதற்கும் கீழே டம்ளர் அளவில் கமிட்டி. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் ஒரு தங்க வளையம். இவ்வளவும் போக மூலையில் பட்டாணி அளவில் ஒரு எழுத்து வரிசை — விழா என்றைக்கு, எங்கே என்று. போன வருஷம் அந்தப் பட்டாணியைப் படிக்க முடியாமல், ரோலாவில் துணிக்கடை வைத்திருக்கிற நெய்னா பாய் குடும்பத்தோடு ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டார். அங்கே யாரோ ஒரு மலையாளி வீட்டுக் கல்யாணம். பாய் திரும்பி வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

இந்தச் சங்கத்துக்குத்தான் திடீரென்று ஒரு கவலை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போஸ்டர் போட்டிக்குப் போனால் ஜெயிப்பதில்லையாம். எப்படி ஜெயிக்கும்? பிறந்ததிலிருந்து பார்த்த போஸ்டர் அது. ஆகவே சனிக்கிழமை காலையில் ஒரு டிசைன் வகுப்பு நடத்துவோம் என்று கமிட்டி முடிவு செய்தது. டிசைன் தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லை. கணக்கு தெரிந்தவள் கிடைத்தாள்.

"கணக்கும் டிசைனும் ஒண்ணுதாம்மா" என்றார் தலைவர் எங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு. "ரெண்டுலயும் ஸ்கேல் வெச்சு லைன் போடறோம்ல. ஒரே ஒரு கண்டிஷன். கிளாஸ்ல ஃபுல்லா ப்யூர் தமிழ் யூஸ் பண்ணணும். நோ இங்கிலீஷ். ஸ்ட்ரிக்ட்."

அந்தக் கண்டிஷனில் தமிழ் எங்கே இருந்தது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செல்விக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தலையை ஆட்டிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வீடியோ, ஒரே பேப்பர், ஒரே கோடு. தலைவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். இவள் தேடிப் பார்த்தால் அது நிஜமாகவே உண்மையாக இருந்தது. தலைவருக்கு இப்படி ஒரு விபத்து அபூர்வமாக நடக்கும்.

"அத்தை, ஒரு படம் கண்ணுக்கு நல்லா இருக்குன்னா அது சும்மா இல்ல. உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது."

"அப்ப எம் மூஞ்சியில என்னட்டி கணக்கு ஓடுது?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். 

வகுப்பு நடக்கிற இடம் ஒரு ஓட்டல் மாடியில் இருக்கிற பார்ட்டி ஹால். மத்தியானம் பிரியாணிக் கூட்டம் வருவதற்குள் காலி செய்துகொடுத்துவிட வேண்டும். ஹாலின் ஒரு பக்கம் மேடை, மேடையில் கல்யாண ஜோடி உட்காருகிற சிவப்பு சோபா. வேறு நாற்காலி இல்லாததால் அதில் நான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பக்கம் காலியாக இருந்தது.

அங்கே உட்கார்ந்துதான் எல்லாப் பாடத்தையும் பார்த்தேன். அஞ்சாம் கிளாஸில் நிறுத்திய படிப்பை இந்த வயதில், இந்த சோபாவில், மேலே கொண்டுபோனேன்.

முதல் பாடம் விகிதம். ஒரு தாளில் எல்லாமே பெரிசாக இருந்தால் எதுவுமே பெரிசு இல்லை என்றாள் செல்வி. எது முக்கியமோ அதற்கு மூன்று பங்கு. அடுத்ததற்கு இரண்டு. மிச்சத்துக்கு ஒன்று. பிள்ளைகள் ஸ்கேலை வைத்து அளந்து அளந்து எழுதின. எனக்கு அது உடனே புரிந்தது. என் மகனுக்கு மூன்று கரண்டி, எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று என்று அவள் பரிமாறுகிற கணக்கு அதுதான்.

இரண்டாவது பாடம் வெற்றிடம். தாளை முழுக்க நிரப்பக் கூடாது, மூன்றில் ஒரு பங்கைச் சும்மா விட வேண்டும், அப்போதுதான் மற்றது கண்ணில் படும். பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. வெற்றி இடம், ஜெயிக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் அங்கே கப் வரைந்துவிட்டான். நெய்னா பாய் மகள் ஹஃப்ஸாதான் கேட்டாள்.

"அப்டீன்னா மாஃபியா மிஸ்?"

அவ்வளவுதான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வளைகுடாவில் 'மாஃபி' என்கிற இந்த அரபு 'இல்லை' தெரியாமல் ஒருவர் காலம் தள்ள முடியுமா? கடையில் தயிர் இல்லையா — மாஃபி. லிஃப்ட் ஓடவில்லையா — மாஃபி. லீவு கேட்டீர்களா — கேட்டு முடிப்பதற்குள் மாஃபி. அன்றிலிருந்து வகுப்பில் வெற்றிடத்துக்குப் பெயர் மாஃபி. ப்யூர் தமிழ்.

நமக்குக் காலி இடம் என்றால் ஏன் இவ்வளவு பயம்? லீவில் ஊருக்குப் போகிறவன் பெட்டியில் மாஃபி இருந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஷூவுக்குள் பாதாம், பாதாமுக்கு நடுவில் சென்ட் பாட்டில், சென்ட் பாட்டிலைச் சுற்றி பனியன். கடைசியில் பெட்டி மேல் ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் மூடும். அந்தப் பெட்டியை மூடுகிற கையால்தான் போஸ்டரும் போடுகிறோம்.

மூன்றாவது பாடம்... அதுதான் அந்த வார்த்தை.

"தாளுக்கு நடுவுல ஒரு கோடு போடுங்க" என்றாள் செல்வி. "மடிச்சா இந்தப் பக்கம் அந்தப் பக்கத்து மேல அப்படியே உக்காரணும். அதுக்குப் பேரு சமச்சீர். சொல்லுங்க பாப்போம்."

"சமச்சீர்" என்றன பிள்ளைகள்.

பள்ளிவாசல் முகப்பு சமச்சீர். லிஃப்ட் கதவு சமச்சீர். பிறகு ரவுண்டானாவில் சிலையாக நிற்கிற அரபிக் காபிக் கூஜாவை வரையச் சொன்னாள். மூக்கு ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். மடித்தால் உட்காராது. ஆனாலும் சாயாமல் நிற்கிறதே, எப்படி?

"ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கணும்னு இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே கனமா இருந்தாப் போதும்."

இதைச் சொல்லும்போது அவள் ஏன் என் பக்கம் பார்த்தாள் என்று தெரியவில்லை.

வீட்டுப்பாடமும் கொடுத்தாள். வருகிற சங்க விழாவுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு போஸ்டர் செய்துகொண்டு வர வேண்டும். மணியடித்தது. உண்மையில் கீழே கிச்சனில் யாரோ அண்டாவைப் போட்டார்கள். எங்களுக்கு அதுதான் மணி.

வினை காரில் ஏறிப் போனது. தியா என்று ஒரு பிள்ளை, நாலாம் கிளாஸ், படு சுட்டி. அவள் அம்மா விஜிதான் எங்கள் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். காரில் கேட்டிருக்கிறாள்: இன்னிக்கு மிஸ் என்ன சொல்லிக்குடுத்தாங்க? பிள்ளை பெருமையாகச் சொல்லியிருக்கிறது. சமச்சீர், மம்மி.

உங்களுக்குத் தெரியாததா? ஊரில் அரசுப் பாடத்திட்டத்துக்குப் பெயரே சமச்சீர். இங்கே பிள்ளைகள் படிப்பது சென்ட்ரல் சிலபஸ். இங்குள்ள அப்பா அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் சிலபஸில் படித்து, பாஸாகி, அந்த சர்டிபிகேட்டை வைத்துத்தான் விமானம் ஏறியவர்கள். ஆனால் பிள்ளை வாயில் அந்தப் பெயர் வந்தால் போதும், சட்டைக்குள் தேள் புகுந்த மாதிரி ஆகிவிடும்.

விஜியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நானும் அந்தக் குழுவில் உண்டு. ஆள் குறைகிறது என்று என்னையும் சேர்த்திருந்தார்கள்.

"ஹாய் ஆல். ஒரு சீரியஸ் விஷயம். சங்கத்துல டிசைன் கிளாஸ்னு சொல்லிட்டு சைலன்ட்டா சமச்சீர் நடத்துறாங்க. என் பொண்ணே சொன்னா. இதுக்கா நாம இவ்ளோ தூரம் வந்து உக்காந்திருக்கோம்?"

பிடித்தது பாருங்கள் நெருப்பு. அடுத்த வருஷம் ஸ்கூலிலும் மாற்றிவிடுவார்களா என்றாள் ஒருத்தி. இப்போதே டி.சி. வாங்க வேண்டுமா என்றாள் இன்னொருத்தி. ஒரு அப்பா சைட்டில் இருந்து கட்டை விரலை மட்டும் அனுப்பினார். எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை. ஒருவர் கோபமாகக் குழுவை விட்டு வெளியேறினார். அவரை யாரும் கவனிக்காததால் தன்னைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் ஓமானில், சலாலாவில் இருந்து ஒருத்தி கேட்டாள்: ஷார்ஜாவில் எல்லா ஸ்கூலும் சமச்சீர் ஆகிவிட்டதாமே? ஃபஹாஹீலில் இருக்கிற அவள் நாத்தனார், குவைத்திலும் வரப்போகிறது, நம்பகமான இடத்தில் இருந்து கேள்விப்பட்டேன் என்று உறுதி செய்தாள்.

செல்வி விளக்கம் எழுதினாள். நீளமாக. உதாரணத்தோடு. தமிழில். குழுவில் நீளமாகத் தமிழில் எழுதினால் யார் படிக்கிறார்கள்? அதே நேரம் யாருக்கோ பிறந்தநாள். கேக் படமாக வந்து அவள் விளக்கத்தை மூடிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் உங்களுக்கு வாராவாரம் இந்தப் பத்தியில் எதை எழுதுவது? மைக்கை அழுத்தினேன்.

"எம்மா, ஒருத்தரும் பயப்படாதீய. எனக்குத் தெரிஞ்ச அர்த்தத்தச் சொல்லுதேன். சம சீர்னா, பொண்ணு வீட்டுல செய்யித சீரும் மாப்பிள்ள வீட்டுல செய்யித சீரும் சமமா இருக்கணும். அவ்வளவுதான். நல்ல விஷயம்தான."

 உடனே விஜியின் பதில் வந்தது.

"ஓ மை காட். நாலாங் கிளாஸ் புள்ளைங்களுக்கு வரதட்சணை பத்தியா கிளாஸ் எடுக்குறாங்க?"

அன்றைக்குச் சூரியன் மறைவதற்கு முன்பே தலைவரின் அறிக்கை வந்துவிட்டது. அன்புடையீர், டிசைன் வகுப்பு டெம்பரரியாக சஸ்பெண்ட். வரும் சனிக்கிழமை எமர்ஜென்சி பேரன்ட்ஸ் மீட்டிங். வகுப்பு தொடருமா என்பது அங்கே டிசைட் செய்யப்படும். தமிழ் வாழ்க.

செல்வி ஸ்கேலையும் காம்பஸ் பெட்டியையும் எடுத்து அலமாரி உச்சியில் வைத்தாள். ஸ்டூல் போட்டு ஏறி வைத்தாள். இறக்குகிற எண்ணம் இருப்பவர்கள் அவ்வளவு உயரத்தில் வைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பேச்சு குறைவு.

"ஏட்டி, சாம்பார்ல உப்பு மாஃபி" என்றேன்.

சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் வரல அத்தை. நீங்களே போயிச் சொல்லிருங்க."

"என்னத்தச் சொல்ல?"

"கிளாஸ் வேண்டாம்னு. அவிய முடிவு பண்ணிட்டாவ. அதுல போயி நின்னு நான் வேற காதால கேக்கணுமா?" உப்பு டப்பாவை என் முன்னால் வைத்தாள். "என்னைய மிஸ்னு கூப்பிட்டாவ அத்தை. இங்க வந்து ஆறு வருஷத்துல நான் யாருக்கும் மிஸ் இல்ல."

இதற்கு என் கைவசம் கிண்டல் ஒன்றும் இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் மிரட்டல் இருந்தது.

"சரி, நீ வராண்டாம். நான் போயி சம சீருக்கு இன்னும் கொஞ்சம் வெளக்கம் சொல்லிட்டு வாரேன்."

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஹாலில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. விழாவுக்கு வராத அப்பாக்கள்கூட வந்திருந்தார்கள். சண்டை என்றால் தேதியை எல்லோரும் சரியாகப் படித்துவிடுகிறார்கள். பின்னால் சுவரில் போன வருஷ போஸ்டர் தலைகளோடு தொங்கியது. செல்வி ஓரமாக நின்றாள். நான் என் சிவப்பு சோபாவில்.

"நத்திங் பர்சனல் செல்வி" என்று ஆரம்பித்தாள் விஜி. இப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது முழுக்க பர்சனல்தான் என்று உங்களுக்குத் தெரியும். "எங்களுக்கு டிசைன்னு சொல்லித்தான் அனுப்பச் சொன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அந்த சிலபஸ்தான்னா அதுக்கு எங்க புள்ளைங்க என்ன பண்ணுவாங்க?"

நெய்னா பாய் எழுந்தார். "ஏம்மா, எனக்கு சிலபஸெல்லாம் தெரியாது. நம்ம புள்ள ஹாலுக்கு நடுவுல கெடந்த டீப்பாயத் தூக்கி பால்கனில போட்டுட்டா. கேட்டா, வாப்பா, இங்க மாஃபி வேணுங்குறா. இப்பதான் வீட்டுல நடக்க முடியுது. மிஸ்ஸு நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாஹ."

"பாய், அது வேற, இது வேற" என்றாள் விஜி. "தியா, இங்க வா. மிஸ் என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு."

தியா ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ஹஃப்ஸா. வகுப்பு சஸ்பெண்ட் என்றெல்லாம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை போல. வீட்டுப்பாடம் முடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

தியா முதலில் சுவரில் இருந்த பழைய போஸ்டரைக் காட்டினாள்.

"மம்மி, திஸ் இஸ் சமச்சீர்."

போஸ்டருக்கு நடுவில் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டாள்.

"நடுவுல மடிச்சா இந்த அங்கிள் மேல அந்த அங்கிள் கரெக்ட்டா உக்காருவாங்க. இந்த மீசை அந்த மீசை மேல. அதான் சமச்சீர்."

துணைத் தலைவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அடுத்து இருவரும் சேர்ந்து சார்ட்டை விரித்தார்கள். இடது பக்கம் மேல் மூலையில் அந்த அரபிக் காபிக் கூஜா, சாய்ந்து ஊற்றுகிறது. வலது பக்கம் கீழே நம் டவரா டம்ளர், ஏந்திக்கொண்டு நிற்கிறது. டம்ளருக்கு மேல் விழா என்றைக்கு, எங்கே — நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை.

"இது சமச்சீர் இல்ல" என்றாள் தியா. மூலையில் இருந்த கூஜாவைத் தொட்டுக் காட்டினாள். "இது சென்ட்ரல்."

"வாட்?" என்றாள் விஜி.

"யூ ஒன்லி டோல்ட், மம்மி. கார்ல. நாம சமச்சீர் இல்ல, சென்ட்ரல்னு. சோ நாங்க சமச்சீர் பண்ணல. சென்ட்ரல் பண்ணிட்டோம்."

முதலில் சிரித்தது நெய்னா பாய். வயிறு குலுங்கச் சிரித்தார். அது அப்படியே பரவியது. விஜி மட்டும் சிரிக்கவில்லை. பழைய போஸ்டரைப் பார்த்தாள், புதிய சார்ட்டைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள்.

"சமச்சீர்னா... சிமிட்ரியா?"

"ஆமா மேடம்."

"அத சிமிட்ரின்னே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க மேடம். ப்யூர் தமிழ்தான்னு."

எல்லாத் தலைகளும் தலைவர் பக்கம் திரும்பின. அவர் ஏசியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் ஒன்றும் கிடைக்காததால் பேச வேண்டியதாகிவிட்டது.

"எனக்கு அப்பவே தெரியும். நீங்களா அண்டர்ஸ்டாண்ட் பண்ணட்டும்னு வெயிட் பண்ணேன். கிளாஸ் கன்டின்யூ ஆகும்." கைதட்டல். செல்வி தலையை நிமிர்த்தினாள். அதோடு விட்டிருந்தால் அவர் தலைவராக இருப்பாரா? சார்ட்டுக்குப் பக்கத்தில் போனார். "நல்லா இருக்கு. இதையே இந்த வருஷ போஸ்டரா பிரின்ட் பண்ணிடலாம். ஆனா இவ்ளோ ப்ளேஸ் சும்மா கெடக்கே. இங்க நம்ம போட்டோ ஒண்ணு. இப்படி கமிட்டி."

"அங்கிள், அது மாஃபி" என்றாள் ஹஃப்ஸா.

"அதாம்மா, அந்த மாஃபிலதான் அங்கிள் வரப்போறேன்." செல்வி பக்கம் திரும்பினார். "கரெக்ட்தானம்மா?"

 இந்தப் பெண் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். தலையை ஆட்டுவாள். அலமாரி உச்சியில் இருந்து இறங்கப்போகிற காம்பஸ் பெட்டிக்காகவாவது ஆட்டுவாள்.

"முடியாது சார்" என்றாள் செல்வி.

நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மூணுல ஒரு பங்கு காலியா விடணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். பிள்ளைக அளந்து விட்டுருக்கு. இப்ப அதுல தலை வெச்சா நான் நடத்துன கணக்கு பொய்னு ஆயிரும். கிளாஸ நிறுத்துறதுன்னா நிறுத்திக்கோங்க சார். இதுல கை வெக்கக் கூடாது."

  தலைவர் முகம் சிவந்தது. கமிட்டி கமிட்டியைப் பார்த்தது. நான் சம சீர் விளக்கத்துக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் விஜி எழுந்துவிட்டாள். தப்பு தன் பக்கம் என்று தெரிந்த பிறகு ஒருவருக்கு வருகிற வீரம் இருக்கிறதே, அது தனி.

"சார், தலைய எல்லாம் போட்டா திரும்பவும் சமச்சீர் ஆயிரும். பேரன்ட்ஸ் சைடுல நாங்க ரொம்ப க்ளியரா இருக்கோம். எங்களுக்கு சமச்சீர் வேண்டாம்."

"ஆமா, வேண்டாம்" என்றார்கள் அம்மாக்கள் கோரஸாக. வாரம் முழுக்கச் சொல்லிப் பழகிய கோஷம், அதனால் நன்றாக வந்தது.

கீழே அண்டா விழுந்தது. கூட்டம் கலைந்தது.

போஸ்டர் அச்சாகி ஓட்டல் வாசலில் நிற்கிறது. கூஜாவும் டம்ளரும், நடுவில் அவ்வளவு வெள்ளை. போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நெய்னா பாய் இந்த வருஷம் சரியான நாளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் வருத்தத்தோடுதான் — போன தடவை அந்தக் கல்யாணத்தில் பாயசம் பிரமாதமாம். தலைவருக்கும் குறை இல்லை. போஸ்டருக்குள் இடம் கிடைக்காததால் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார். அவர் நிற்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் கனம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மீட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்ததும் செல்வி ஸ்டூல் போட்டுக் காம்பஸ் பெட்டியை இறக்கினாள். சமைத்தாள். சாம்பாரில் உப்பு இருந்தது, கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"குரூப்புல சொன்னீயளே, சம சீர். ரெண்டு வீட்டுலயும் சமமாச் செய்யணும்னு."

"ஆமா. அதுல என்ன?"

"எங்க அம்ம பித்தளைப் பானைல இருந்து கிரைண்டர் வரைக்கும் செஞ்சாவ. உங்க பக்கம் என்ன செஞ்சீய?"

ஆறு வருஷமாக உள்ளே வைத்திருந்த கேள்வி. முகத்தில் சிரிப்பு. ஒரு தடவை 'முடியாது' சொல்லிப் பழகியவள் அடுத்து எங்கே வந்து நிற்பாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பொய் சொல்ல முடியாது. கணக்கு டீச்சர் அல்லவா...

"மாஃபி" என்றேன்.